ஐம்பது சதவீதச் சீரமைப்பு

நிர்வாகம் என்றால் என்ன என்பதற்கு மூன்று வருடத்தில் பதினான்கு விளக்கங்களை மனப்பாடம் செய்திருந்தாள் பைண்டிங். பதினான்கிலும் 'பிறரைக் கொண்டு' என்ற சொல் வந்தது. ஆக, தான் செய்ய வேண்டிய வேலையைத் தான் செய்யாமல் இருப்பது எப்படி என்பதுதான் பாடம் என்று முதல் பருவத்திலேயே அவளுக்குப் புரிந்துவிட்டது. புரிந்ததை அப்படியே தேர்வில் எழுதினாள். அவள் தோற்ற ஒரே தேர்வு அதுதான். அதற்குப் பிறகு புரிந்துகொள்வதை நிறுத்திவிட்டு எல்லாத் தாளிலும் தேறிக்கொண்டிருந்தாள்.

பைண்டிங் என்பது வீட்டில் வைத்த பெயர் அல்ல. கல்லூரி வாசலுக்கு நேர் எதிரே அவளுடைய அம்மாவும் அத்தையும் ஒரு ஜெராக்ஸ் கடை நடத்தினார்கள். பி.பி.ஏ. முதல் நாள் வகுப்பில் 'உன் குடும்பத்தின் வணிகப் பின்னணி என்ன' என்று கேட்டார்கள். ஒருத்தன் இரும்பு என்றான், ஒருத்தி ஏற்றுமதி என்றாள். இவள் "பைண்டிங்" என்றாள். அதோடு சரி, சொந்தப் பெயர் வருகைப் பதிவேட்டில் மட்டும் தங்கிவிட்டது.

அத்தை அப்பாவின் தங்கை. பதினோரு வருடத்துக்கு முன்னால் ஒரு துணிப்பையோடும் ஒரு கோபத்தோடும் புகுந்த வீட்டிலிருந்து கிளம்பி வந்தவள். வந்த மறுமாதம் அண்ணியும் நாத்தனாருமாகக் கடையைத் திறந்தார்கள். இரண்டு மெஷினும் அம்மாவின் பொறுப்பு. தட்டச்சும் பைண்டிங்கும் அத்தையுடையவை. அத்தை ஒட்டிய அட்டை, புத்தகத்தைக் கிணற்றில் போட்டு எடுத்தாலும் பிரியாது. அப்பா லாரியோடு பாதி மாதம் வெளியூரில் இருப்பார். கடைக்கு யார் முதலாளி என்ற கேள்வி பதினோரு வருடத்தில் ஒரு தடவைகூட எழவில்லை. வாசல் பக்கமாக யார் நிற்கிறார்களோ அவர் வந்தவரோடு பேசுவார்.

கடைசி வருடத்தில்தான் துறைத் தலைவர் மேடம் அந்தத் திட்டத்தைக் கொண்டுவந்தார். கடைசி வருட மாணவர்கள் எல்லோரையும் அரங்கில் கூட்டி, மூன்று மைக்குகளைத் தட்டிப் பார்த்து, நான்காவதில் பேசினார்.

"போன வருஷம் நூத்தி இருபது புராஜெக்ட் வந்துச்சு. நூத்தி இருபதையும் நான் படிக்கல. ஆனா ஒவ்வொண்ணா தூக்கிப் பாத்தேன். எல்லாம் ஒரே கனம். அப்பவே எனக்குச் சந்தேகம் தட்டுச்சு. அதனால இந்த வருஷம் 'செய்து காட்டு' திட்டம். நீங்க ஒரு நிறுவனத்தை ஆய்வு பண்ணிப் பரிந்துரை எழுதுவீங்க. அந்த நிறுவனம் அதை நிஜமாவே செஞ்சு காட்டணும். எங்க குழு நேர்ல வந்து பாக்கும். செய்யலைன்னா நீங்க இன்னொரு வருஷம் படிப்பீங்க."

பின் வரிசையில் ஒருத்தன் எழுந்து, "மேடம், பரிந்துரையே தப்பா இருந்துட்டா?" என்றான்.

"துறை சீல் போட்ட பரிந்துரை எப்படிப்பா தப்பாகும்?"

கைதட்டல் ஓய இரண்டு நிமிடம் ஆயிற்று. கேட்டவனும் கைதட்டினான்.

பைண்டிங் நிறுவனம் தேடிப் போனாள். பிஸ்கட் ஆலையில் வாசலைத் தாண்டவே விடவில்லை. பெயின்ட் கிடங்கில் காவலாளி நாற்காலியிலிருந்து எழாமல், "நீயும் அந்தக் காலேஜா? போன வாரம் ஒரு பையன் வந்தான். வாசல்ல ஆள் அதிகம்னு என்னையே சீரமைக்கணும்னான். தொரத்தி விட்டேன்" என்றார். மூன்றாவது இடத்தில் நாய் இருந்தது. கடைசியில் தன் வீட்டுக் கடையையே எழுதிக் கொடுத்தாள்.

அவளுடைய வழிகாட்டிக்கு ஸ்லைடு சார் என்று பெயர். திரையில் எழுத்து விழாமல் அவருக்குப் பேச்சு வராது. ஒருநாள் மின்சாரம் போனபோது பாதி வாக்கியத்தில் நின்றவர், நாற்பது நிமிடம் கழித்து மின்சாரம் வந்ததும் மீதி வாக்கியத்தைச் சொல்லி முடித்தார். அவர் முதலில் கேட்டது நிறுவன அமைப்புப் படம்.

"கடைக்கு யாரு தலைவர்?"

"அம்மாவும் அத்தையும் சார்."

"ஊர்ல இருக்கிற சொந்தக்காரங்களைக் கேக்கலம்மா. தலைவர் யாரு?"

"ரெண்டு பேரும்தான் சார்."

"அப்படி இருந்தா அது நிறுவனம் இல்ல, கும்பல். ஒரு பெட்டி மேல, ஒரு பெட்டி கீழ, நடுவுல கோடு. அதான் படம்."

"பக்கத்துல பக்கத்துல போடட்டுமா சார்?"

ஸ்லைடு சார் கணினியில் முயன்று பார்த்தார். கோடு பக்கவாட்டில் வரவில்லை. "பாரு, மென்பொருளே ஒத்துக்க மாட்டேங்குது" என்று அவளைப் பரிதாபமாகப் பார்த்தார்.

உரிமம் அம்மா பெயரில் இருந்தது. விண்ணப்பம் கொடுக்கப் போன அன்றைக்கு அத்தைக்குக் காய்ச்சல் என்பதைத் தவிர அதற்கு வேறு காரணம் கிடையாது. பைண்டிங் அம்மாவை மேல் பெட்டியில் போட்டாள், அத்தையைக் கீழ்ப் பெட்டியில் போட்டாள். படம்தானே என்று வீட்டில் சொல்லவில்லை.

இரண்டு அத்தியாயங்களைக் கடையில் உட்கார்ந்து, பார்த்ததைப் பார்த்தபடி எழுதினாள். காலையில் எத்தனை பேர் வருகிறார்கள், எந்த நேரத்தில் தாள் சிக்குகிறது, வரிசையில் நிற்பவர் எத்தனை நிமிடத்தில் சலித்துக்கொள்கிறார் என்றெல்லாம். ஸ்லைடு சார் அதைக் கையில் வாங்கி மேலும் கீழும் அசைத்தார். "கனம் பத்தலையே. எண்பது பக்கம் வேணும். நாலு நாள்தான் இருக்கு."

நான்கு நாளில் எண்பது பக்கம் வேண்டுமென்றால் அந்தக் கல்லூரியில் எவரும் செய்வதை அவளும் செய்தாள். அத்தையிடம் போனாள்.

அத்தையின் கணினியில் 'மாதிரி' என்று ஒரு கோப்பு இருந்தது. பதினோரு வருடத்துக்கு முன்னால் யாரோ ஒரு மாணவன் ஒரு சிமென்ட் ஆலையைப் பற்றி எழுதிக் கொண்டுவந்த புராஜெக்ட். அத்தை அதைத் தட்டச்சு செய்து வைத்தாள். அடுத்த வருடம் சிமென்ட் ஆலை இருந்த இடத்தில் சோப்பு ஆலை வந்தது. அதற்கு அடுத்த வருடம் மருத்துவமனை, வங்கி, காலணிக் கடை. பெயரை மட்டும் கணினியே தேடி மாற்றிவிடும். அத்தைக்கு அரை நிமிட வேலை.

"நீயும் வந்துட்டியாடி? உனக்காவது சொந்தமா எழுத வரும்னு நெனச்சேன்."

"எழுதினேன் அத்தை. கனம் பத்தலையாம்."

"கனத்துக்கு என்ன, தடிமனான தாள்ல எடுத்துத் தர்றேன்." சொன்னபடியே சிமென்ட் ஆலையை ஜெராக்ஸ் கடையாக்கி, அவள் எழுதிய இரண்டு அத்தியாயங்களையும் படத்தையும் நடுவில் செருகி, பொன்னெழுத்து அடித்துக் கொடுத்தாள். அத்தையும் படிக்கவில்லை, பைண்டிங்கும் படிக்கவில்லை, ஸ்லைடு சாரும் படிக்கவில்லை. எண்பது பக்கத்திலும் துறையின் சீல் விழுந்தது.

குழு ஒரு வியாழக்கிழமை வந்தது. துறைத் தலைவர் மேடம், ஸ்லைடு சார், குறிப்பெடுக்க ஒருவர், படமெடுக்க ஒருவர், எதற்கென்று தெரியாத ஒருவர். ஐந்து பேர் உள்ளே நுழைந்ததும் வாடிக்கையாளர்கள் வெளியே போக வேண்டியதாயிற்று. வாசலில் நின்ற கூட்டத்தைப் பார்த்துவிட்டு மேடம், "கிராக்கி வெளியே வரைக்கும் தெரியுது, குறிச்சுக்குங்க" என்றார்.

அறிக்கையைப் புரட்டினார். "இங்க பதினெட்டாம் பக்கத்துல சுண்ணாம்புக்கல் சுரங்கம்னு இருக்கே. அது எங்க?"

அட்டைக்குப் பசை தடவிக்கொண்டிருந்த அத்தை தலை நிமிராமலே, "பின்னாடி இருக்கு மேடம். மழையில தண்ணி நின்னுடுச்சு, உள்ள போக முடியாது" என்றாள்.

"பயன்படுத்தாத சொத்து" என்று சொல்லிக்கொண்டே எழுதினார் குறிப்பெடுப்பவர்.

மேடம் கடைசி அத்தியாயத்துக்கு வந்து கண்ணாடியைச் சரிசெய்துகொண்டார். "முக்கியமான பரிந்துரை. 'மனிதவளத்தை ஐம்பது சதவீதம், கீழ்மட்டத்திலிருந்து தொடங்கிக் குறைத்துச் சீரமைத்தல்.' அருமை. எல்லாப் புராஜெக்ட்லயும் இது வருது. நம்ம துறையோட பலமே இதுதான். இங்க மொத்தம் எத்தனை பேர்?"

"ரெண்டு பேர் மேடம்."

"அப்ப ஒரு ஆள். பாருங்க, எவ்வளவு சுத்தமா வருது! நேத்து போன இடத்துல ஏழு பேர். மூணரை ஆளுக்கு நாங்க பட்ட பாடு எங்களுக்குத்தான் தெரியும். கீழ்மட்டம் யாரு இங்க?"

ஸ்லைடு சார் படம் இருந்த பக்கத்தைத் திறந்து மேஜைமேல் வைத்தார். ஐந்து பேரும் குனிந்து பார்த்தார்கள். அத்தையும் கையைத் துணியில் துடைத்துக்கொண்டு வந்து, அவர்கள் தோளுக்கு நடுவே எட்டிப் பார்த்தாள்.

"நான்தான் போல" என்றாள்.

"பத்து நாள் டைம் தர்றோம்மா. நீக்கல் கடிதத்தோட நகல் வரணும். மூணு மாசத்துக்கு எப்ப வேணும்னாலும் சோதனை பண்ண வருவோம்" என்றார் மேடம் அன்பாக. "தனிப்பட்ட முறையில எடுத்துக்காதீங்க. இது அறிவியல்."

குழு போனதும் அம்மா மெஷினை நிறுத்தினாள்.

"எனக்குச் சத்தியமா தெரியாதும்மா" என்றாள் அம்மா.

"மேல இருக்கிறவங்களுக்கு எப்பவுமே தெரியாது அண்ணி. மூணாம் அத்தியாயத்துல வருது" என்றாள் அத்தை.

அடுத்த ஒன்பது நாள் அவள் கீழ்ப் பெட்டியில் ஒழுங்காக உட்கார்ந்தாள். பதினோரு வருட நிர்வாகவியல் அவள் விரல் நுனியில் இருந்தது. தாள் சிக்கினால் கை வைக்க மாட்டாள். "மேலிடத்து அனுமதி வேணும்" என்று ஒரு துண்டுச் சீட்டில் எழுதி, இரண்டடி தள்ளி நின்ற அம்மாவிடம் நீட்டுவாள். அம்மா கையெழுத்துப் போட்டுத் திருப்பித் தருவதற்குள் வரிசை தெருமுனையைத் தொடும். குறை தீர்க்கும் குழு எங்கே என்று ஒருநாள் கேட்டாள். பணியாளர் ஊக்கம் குறைவாக இருப்பதாக இன்னொரு நாள் புகார் எழுதினாள். அம்மா அழுவதா சிரிப்பதா என்று தெரியாமல், ஊக்கத்துக்கு ஒரு டீ வாங்கிக் கொடுத்தாள். விஷயம் கேள்விப்பட்டு அப்பா போனில், "அப்போ நான் எந்தப் பெட்டியில இருக்கேன்?" என்றார். "நீங்க போக்குவரத்து. வெளியிலேர்ந்து வாங்கிக்கிற சேவை" என்று சொல்லிவிட்டு அத்தை போனை வைத்துவிட்டாள்.

நடுவில் சோதனைக்கு வந்த ஸ்லைடு சார், இருவரும் சீட்டில் பேசிக்கொள்வதைப் பார்த்து நெகிழ்ந்துபோனார். "எழுத்துபூர்வமான தகவல் தொடர்பு! ஒரு வாரத்துல கும்பலை நிறுவனமாக்கிட்டியேம்மா."

பத்தாம் நாள் காலை அம்மா அத்தையிடம் பேச்சை எடுத்தாள். "பொண்ணுக்காக ஒரு பொய்க் கடிதம் போட்டுடலாம். கொஞ்ச நாள் வீட்ல இரு. அவங்க மறந்ததும் வா."

"நீக்கினா நீக்கினதுதான் அண்ணி. பொய்யா நீக்க எனக்குத் தெரியாது."

"கோபத்துல பேசாத."

"கோபந்தான். இல்லைங்கல. ஆனா யார் மேல கோபப்படறது? அந்த வரி நான் டைப் பண்ண வரி. பதினோரு வருஷமா ஆயிரம் பேருக்கு மேல அடிச்சுக் குடுத்திருக்கேன். எங்கயாவது எவனாவது அதைப் படிச்சுட்டு நிஜமாவே ஒருத்தனை வீட்டுக்கு அனுப்பியிருப்பானான்னு ஒரு நாள் யோசிச்சிருக்கேனா? போடுங்க கையெழுத்து."

தன் நீக்கல் கடிதத்தைத் தானே தட்டச்சு செய்தாள். ஓரம் விட்டு, தேதி போட்டு, துளை போட்டு, 'பெற்றுக்கொண்டேன்' என்று எழுதிக் கையெழுத்திட்டாள். பைண்டிங் சுவரோடு ஒட்டி நின்றாள். வேண்டாம் அத்தை என்று சொல்ல வாயெடுத்தாள். இன்னொரு வருடம் என்ற நினைப்பு வந்து வாயை அடைத்தது. அத்தை அவளைப் பார்த்தாள், எதிர்பார்த்ததுதான் என்பதுபோல. செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டாள்.

போனது இரண்டு தெரு தள்ளி இருந்த அதே வீட்டுக்குத்தான். தட்டுக் கழுவ ஒரே தொட்டி, குளிக்க ஒரே அறை. சாப்பாட்டு நேரத்தில் அம்மா, "அந்த ரெக்சின் கட்டு எங்க வச்சே?" என்றால், "வீட்டுல நான் நாத்தனார். கடையில நான் கிடையாது" என்று சொல்லிவிட்டுச் சாப்பாட்டை மெல்லுவாள்.

கல்லூரி அறிவிப்புப் பலகையில் பைண்டிங்கின் படம் ஒட்டப்பட்டது. முழுமையாகச் செய்து காட்டிய ஒரே மாணவி. முடிவு வெளியாக வேண்டியதுதான் பாக்கி. அவள் அந்தப் பலகையைத் தவிர்ப்பதற்காகக் கழிவறை வழியாகச் சுற்றிப் போனாள்.

அப்போதுதான் கல்லூரிக்குத் தரம் நிர்ணயிக்கும் ஆய்வுக் குழு வருவதாகக் கடிதம் வந்தது. துறை தன்னைப் பற்றித் தானே ஆயிரத்து இருநூறு பக்கம் எழுதியிருந்தது. ஆறு பிரதிகள், கெட்டி அட்டை, பொன்னெழுத்து, மூன்று நாள். கட்டுகள் தள்ளுவண்டியில் கடைக்கு வந்து இறங்கின. அம்மாவுக்கு மெஷின் தெரியும், பைண்டிங் தெரியாது. முதல் பிரதியில் முன்னட்டை பின்னால் போயிற்று. இரண்டாவதில் துறைத் தலைவரின் பெயர் மலை ஏறுவதுபோல் சாய்ந்தது. மூன்றாவது மேடத்தின் கையில் இருக்கும்போதே பிரிந்து கொட்டியது.

"அந்த இன்னொரு அம்மா எங்க?" என்றார் மேடம் தாள்களைப் பொறுக்கிக்கொண்டே.

"சீரமைச்சுட்டோம் மேடம்" என்றாள் அம்மா.

ஊரில் வேறு பைண்டிங் கடைகள் இருந்தன. எல்லாவற்றிலும் வேறு துறைகளின் ஆயிரத்து இருநூறு பக்கங்கள் இருந்தன. மேடம் வீட்டுக்கே வந்தார். பின்னால் ஸ்லைடு சார், அவருக்குப் பின்னால் பைண்டிங்கும் அம்மாவும். அத்தை டி.வி. சத்தத்தைக் குறைத்தாள், நிறுத்தவில்லை.

"தற்காலிகமா வந்து முடிச்சுக் குடுங்கம்மா."

"அந்தப் பரிந்துரை தப்புன்னு எழுதிக் குடுங்க, வர்றேன்."

"அது எப்படிம்மா? அது தப்புன்னா பதினோரு வருஷ புராஜெக்ட்டும் தப்பாயிடும்."

"ஆமா."

"அதைப் படிச்சுட்டுப் போனவங்க இன்னைக்குப் பெரிய பெரிய எடத்துல உக்காந்து முடிவெடுக்கறாங்க."

"அதான் மேடம் எனக்குப் பயமா இருக்கு."

மேடம் ஸ்லைடு சாரைப் பார்த்தார். அங்கே திரை இல்லாததால் ஸ்லைடு சார் ஒன்றும் சொல்லவில்லை.

"மேடம்" என்றாள் பைண்டிங். தன் குரல்தானா என்று அவளுக்கே சந்தேகமாக இருந்தது. "துறை தப்புன்னு எழுத வேணாம். அறிக்கை என் பேர்லதான இருக்கு. தப்பு என்னோடதுன்னு நான் எழுதித் தர்றேன்."

மேடத்தின் முகத்திலிருந்து பாரம் இறங்கியது. "நல்ல பொண்ணு! பாருங்க சார், இதுதான் தலைமைப் பண்பு. இதைத்தான் நாம மூணு வருஷமாச் சொல்லிக் குடுத்தோம்."

"அப்ப தேறிடுவேனா மேடம்?"

"சே சே. தலைமைப் பண்புக்கு மார்க் கிடையாதும்மா. பரிந்துரையை வாபஸ் வாங்கினா ஃபெயில்தான்."

பைண்டிங் நோட்டிலிருந்து ஒரு தாளைக் கிழித்தாள். 'இந்தக் கடையில் மேல், கீழ் என்று யாரும் இல்லை. நான் வரைந்த படம் தவறு. நான் எழுதிய பரிந்துரையும் தவறு' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டாள். மேடம் வாங்க நீட்டிய கையைத் தாண்டி அத்தை அதை வாங்கினாள். இரண்டு தடவை படித்தாள்.

"ஒரு வருஷம் போச்சேடி."

"போகட்டும் அத்தை."

"சுலபமாச் சொல்லிட்டே. இன்னொரு வருஷம் இவர் ஸ்லைடைப் பாக்கணும்" என்று ஸ்லைடு சாரை அவர் எதிரிலேயே கைகாட்டிவிட்டு எழுந்தாள். "அண்ணி, பசையை மூடி வச்சீங்களா, இல்ல தெறந்து போட்டுக் காயவிட்டீங்களா?"

"காயவிட்டுட்டேன்."

"தெரியும்" என்றாள் அத்தை. டி.வி.யை நிறுத்தினாள்.

அம்மா ஒட்டியதையெல்லாம் பிரித்து முதலிலிருந்து தொடங்கினார்கள். அம்மா கெட்டுப்போன தாள்களை மறுபடி நகல் எடுத்தாள், பைண்டிங் பக்கம் அடுக்கினாள், அத்தை தைத்தாள். இரண்டாம் நாள் மதியம் பைண்டிங்கின் கை நானூற்றுப் பன்னிரண்டாம் பக்கத்தில் நின்றது. துறையின் சாதனைகள். 'செய்து காட்டு திட்டத்தின் மூலம் ஒரு நிறுவனம் ஐம்பது சதவீதம் சீரமைக்கப்பட்டு, உற்பத்தித் திறன் இருமடங்கானது. இதில் ஈடுபட்ட மாணவி சிறப்புத் தேர்ச்சி பெற்றார்.' பக்கத்தில் கடையின் புகைப்படம். வாசலில் கூட்டம்.

"அத்தை, இது முழுப் பொய்."

"நாம பைண்டிங்தானே பண்றோம்? உள்ள இருக்கறது நமக்கெதுக்கு?" என்றாள் அம்மா மெஷின் பக்கமிருந்து.

அத்தை ஊசியை வைத்துவிட்டுக் கண்ணாடியைத் தேடிப் போட்டுக்கொண்டாள். அந்தப் பக்கத்தை மேலிருந்து கீழ்வரை, புள்ளி விடாமல் படித்தாள். பிறகு ஆறு பிரதிகளிலும் அந்த ஒரு தாளை மட்டும் தலைகீழாகத் திருப்பி வைத்து, நூலை இழுத்து இறுக்கித் தைத்தாள். அட்டை ஒட்டி, பொன்னெழுத்தை இம்மி சாயாமல் அடித்தாள்.

ஆய்வுக் குழு நான்கு நாள் கல்லூரியில் தங்கியது. அறிக்கையை ஒவ்வொருவரும் கையில் வாங்கிப் பார்த்தார்கள். அட்டையைத் தடவிப் பார்த்தார்கள். துறைக்கு உயர்ந்த தரம் கொடுத்து, ஆவணங்களின் தெளிவைத் தனியாகப் பாராட்டி எழுதிவிட்டுப் போனார்கள். நானூற்றுப் பன்னிரண்டாம் பக்கம் தலைகீழாக இருப்பதாக இன்றுவரை யாரும் கடைக்கு வந்து சொல்லவில்லை.